பெயர் மறந்த ஒரு கருவி

நகரங்களிலே பழம்பொருள் விற்கும் கடைகள் சில உண்டு. உடைந்த பூட்டுகளும், ஓட்டைச் செம்புகளும், பிடியற்ற அரிவாள்களும், துருவேறிய திருகாணிகளும் அங்கே குவிந்து கிடக்கும். அக்குவியலுள் சிற்சில வேளைகளில், இன்னதென்று விற்பவருக்கும் வாங்குபவருக்கும் விளங்காத கருவி ஒன்று தலைகாட்டும். பெயர் தெரிந்த கருவிக்கு அதன் பயன் நோக்கி விலை சொல்லப்படும். பெயர் தெரியாததோ நிறுக்கப்படும். நிறுக்கப்பட்டது நாளடைவில் உலைக்குப் போகும். ஒரு கருவி இன்னதென அறிவதற்குரிய வழி யாது, அறிந்தபின் அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை, நம் கைக்கு வந்த ஒரு கருவியை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாம் வாங்கிய பொருள் மடக்கிய நிலையில் ஒரு சாணுக்குக் குறைந்த நீளமுடையது. அதன் உடல் பித்தளையாலானது. இருபுறமும் நீளவாட்டில் பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. ஒரு பள்ளத்தினின்று சிறிய இரும்பு அலகு ஒன்றை வெளியே திருப்பலாம். மற்றொரு பள்ளத்தினின்று, எதிர்முனையில், உருண்ட இரும்புக் கம்பி ஒன்று வெளிவரும். கம்பியின் நுனி ஊசிபோல் ஒடுங்கியிருந்தது. அலகும் கம்பியும் தத்தம் முனையிற் சிறு ஆணிகளால் பொருத்தப்பட்டிருந்தன. பிடியின்மேல் மெல்லிய கொடிவேலை தெரிந்தது. நடுப்பகுதியில் அது தேய்ந்து மழுங்கியிருந்தது.

இதனைக் கண்டோர் பலவாறு கூறினர். கடைக்காரர் மருத்துவரின் கத்தி என்றார். அருகிருந்த ஒருவர், தோல் தைப்போர் துளையிடும் ஊசி என்றார். பாக்குச் சீவும் கத்தி என்றும், கால் முள் எடுக்கும் கருவி என்றும் வேறு சிலர் கருதினர். இவற்றுள் ஒவ்வொன்றும் கருவியின் ஒரு பாதியை விளக்கியது, மறுபாதியை விளக்கவில்லை. பாக்குச் சீவுவோனுக்கு ஊசி எதற்கு? தோல் தைப்போனுக்கு இவ்வளவு மெல்லிய அலகு எதற்கு?

இத்தகைய ஐயம் நேரும்போது, கருவியின் பெயரை முதலிலே தேடுதல் பயனற்றது. பெயர் ஊருக்கு ஊர் வேறுபடும். தொழில் அழிந்தால் பெயரும் அழியும். கருவி செய்த தொழிலோ அதன் உடம்பிலேயே பதிந்திருக்கும். அதனை அறிதற்கு மூன்று வினாக்கள் போதும். எங்கே தேய்ந்திருக்கிறது? எவை ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன? எந்தப் பொருளின்மேல் இது வேலை செய்திருத்தல் கூடும்?

முதலாவது, தேய்வு. துளையிடும் ஊசியின் நுனி மிகக் கூர்மையாயிருத்தல் வேண்டும். தோலின் உள்ளே புகுந்து வெளிவருதலால் நுனிமட்டுமன்றி அதன் மேற்பகுதியும் உராய்ந்து மெருகேறியிருக்கும். நம் கருவியிலோ நுனி மாத்திரமே பளபளத்தது. அதற்குச் சிறிது மேலே இரும்பு கறுத்தே இருந்தது. அன்றியும், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நோக்கியபோது நுனி முற்றக் கூராயிராமல், மிக நுண்ணிய அளவில் உருண்டிருந்தது. ஆகவே இது ஒன்றன் உள்ளே குத்தப்பட்டதன்று. ஒன்றன் மேலே ஓடியது. கீறுதலே இதன் தொழில்.

இரண்டாவது, இணைப்பு. கீறும் நுனியும் வெட்டும் அலகும் ஒரே பிடியில் இருக்குமாயின், அவ்விரண்டும் ஒரே மனிதனுக்கு, ஒரே வேலையின்போது, மாறிமாறித் தேவைப்பட்டிருத்தல் வேண்டும். மேலும், இரண்டும் மடங்கக் கூடியனவாக இருத்தலின், அம்மனிதன் இதனை இடுப்பிலோ பையிலோ செருகிக்கொண்டு ஊர்தோறும் சென்றவன் என்பதும் பெறப்படும்.

மூன்றாவது, பொருள். அலகு மிக மெல்லியது, ஒருபுறமே கூருடையது. மரத்தையோ எலும்பையோ இது தாங்காது. மெல்லியதாகவும், சற்றே விறைப்பாகவும், நேரான விளிம்பு வேண்டுவதாகவும், கீறினால் தடம் கொள்வதாகவும் உள்ள பொருள் எது? இவ்வளவு கூறியபின் தமிழறிந்தோர்க்கு விடை தானே புலப்படும். அது பனையோலை, இக்கருவி எழுத்தாணி.

ஐயமறத் தெளிதற்பொருட்டு ஒரு சோதனையும் செய்தோம். உலர்ந்த பனையோலைத் துண்டு ஒன்றை எடுத்து அலகினால் அதன் ஓரத்தைச் சீவினோம். நார் பிசிறாமல் நேராக வந்தது. பின்னர்க் கம்பியின் நுனியால் இரண்டு எழுத்துக்கள் கீறினோம். ஓலை கிழியவில்லை, ஆயினும் எழுத்தும் கண்ணுக்கு எளிதிற் புலப்படவில்லை. விளக்குக் கரியைச் சிறிது எண்ணெயிற் குழைத்துத் தடவித் துடைத்தவுடன், கீறலிலே கரி தங்கி எழுத்து கறுப்பாக எழுந்தது. அதே ஓலையில் தையல் ஊசியாற் கீறியபோது நார் அறுந்து எழுத்து சிதைந்தது. நுனியை ஏன் உருட்டி வைத்தனர் என்பது அப்போது நன்கு விளங்கிற்று.

எழுத்தாணியில் வகைகள் பல. தலை திரண்டு கனமாயும், உடல் குறுகியும் இருப்பது குண்டெழுத்தாணி. கற்கத் தொடங்கும் சிறுவர்க்கு அது ஏற்றது. வாரெழுத்தாணி அதனினும் நீண்டது. ஓலையின் ஓரங்களை வாருதற்கு உதவுமாறு அதன் தலைப்பகுதி தட்டையாக அலகுபோல் அமைந்திருக்கும். கத்தியும் ஆணியும் பிடிக்குள்ளே மடங்குமாறு அமைந்தது மடக்கெழுத்தாணி. நமக்குக் கிடைத்தது இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. கணக்கர், திண்ணைப் பள்ளி ஆசிரியர், புலவர், ஏடு பெயர்த்தெழுதுவோர் முதலியோர் கையில் இவை வழங்கின.

எழுதும் முறையும் இக்காலத்து முறைக்கு மாறானது. மேசை இல்லை. ஓலையை இடக்கையிற் பிடித்து, எழுத்தாணியை வலக்கையில் ஏந்தி, இடக்கைப் பெருவிரலால் அதன் நுனிக்கு அணைகொடுத்து எழுதுவர். பேனா தாளின்மேல் நகர்வதுபோல எழுத்தாணி வெகுதூரம் நகர்வதில்லை. ஓலையே இடப்பக்கமாகச் சிறிது சிறிதாக நகர்த்தப்படும். சிலர் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, ஆணி தங்குதற்கு அதிலே சிறு பள்ளமும் வெட்டிவைப்பர். நம் கருவியின் பிடி நடுவில் மாத்திரம் தேய்ந்திருந்தமைக்குக் காரணம், அங்கே பல்லாண்டுகள் ஒரு கை அழுந்தியிருந்தமையே.

ஓலையைப் பக்குவஞ் செய்தலும் ஒரு கலை. முற்றாமலும் மிக இளசாகாமலும் உள்ள ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கை நீக்கி, நிழலிலே உலர்த்தி, நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, சங்கு அல்லது வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். பின்பு ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். எழுதியபின் மை பூசுதலும் உண்டு. விளக்குக் கரியோடு மஞ்சள், வசம்பு, ஊமத்தை இலைச்சாறு, கோவையிலைச் சாறு முதலியவற்றைச் சேர்த்துத் தடவுவர். கரி எழுத்தைக் காட்டும்; ஏனையவை பூச்சியைத் தடுக்கும். பனையோலை தடித்தது, அகலங் குறைந்தது. தாளிப்பனையோலை மெல்லியது, அகன்றது. வடநாட்டில் தாளிப்பனையோலையின்மேல் மைதொட்டு எழுதும் வழக்கம் மிகுந்திருந்தது. தென்னாட்டிலும் ஈழத்திலும் ஒடிசாவிலும் இரும்பாணி கொண்டு கீறும் வழக்கமே ஓங்கிற்று.

கருவி மொழியின் வடிவத்தையும் தொட்டது. ஓலையின் நார் நீளவாட்டில் ஓடுகின்றது. அந்நாரின் வழியே நீண்ட நேர்கோடு கீறினால் ஓலை பிளந்துபோகும். ஒடியா எழுத்துக்களின் தலைக்கோடு வளைந்து குடைபோல் அமைந்தமைக்கு இதனையே காரணமாக அறிஞர் கூறுவர். தமிழிலோ மற்றொரு விளைவு உண்டாயிற்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதிக்கின்றது. ஆயினும் ஏடுகளிற் புள்ளி பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஆணியை ஊன்றினால் ஓலையில் துளை விழுமென்பது காரணமாகச் சொல்லப்படும். கல்வெட்டுக்களிலும் புள்ளி அருகியே வருதலின், ஓலை ஒன்றே முழுக்காரணம் என்று அறுதியிடலாகாது. ஆயினும் விரைந்து எழுதும் கணக்கனுக்கும் புலவனுக்கும் புள்ளியைத் தவிர்த்தல் எளிதாயிருந்தது என்பதில் ஐயமில்லை.

இதனால் நேர்ந்த இடர் சிறிதன்று. ஏட்டிலே கொம்பு, ககரம், கால், லகரம் என்று வரிசையாக எழுதியிருப்பின், அதனைக் கொல் என்றும் படிக்கலாம், கோல் என்றும் படிக்கலாம், கொல என்றும் படிக்கலாம், கோல என்றும் படிக்கலாம். காலும் ரகரமும் ஏட்டில் ஒரே வடிவாக எழுதப்பட்டமையால் அவ்வெழுத்தை ரகரமாகக் கொள்வாரும் உண்டு. இவற்றுள் எது பொருந்தும் என்பதைச் செய்யுளின் பொருளும் யாப்புமே தீர்மானித்தல் வேண்டும். ஆகவே ஏடு படித்தல் வெறும் எழுத்தறிவு அன்று. இலக்கண அறிவும் இலக்கியப் பயிற்சியும் கூடிய அரிய ஆற்றலாகும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுவேறு வடிவம் அமைத்து இவ்விடரை ஓரளவு நீக்கிய பெருமை, பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர்க்கு உரியதாகக் கூறப்படும்.

நம்போன்ற கிறித்தவக் கல்லூரியில் பயில்வோர்க்கு இக்கருவியோடு மற்றுமோர் உறவும் உண்டு. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் ஏடுகளின் வாயிலாகவும் தமிழ் கற்றார். அவர் ஏடுகளைத் தேடித் திரட்டினார். எழுத்தர்களை அமர்த்திப் படியெடுப்பித்தார். தாம் திரட்டிய தமிழ் நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றுக்கு 1708-இல் விளக்கமான அட்டவணை ஒன்றும் எழுதினார். அச்சு இயந்திரம் தரங்கம்பாடிக்கு வந்து சேர்வதற்கு முன்னமே அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து முடித்திருந்தார். பின்னர் அது அச்சேறியது. எழுத்தாணியும் அச்சும் தமிழ்நாட்டில் கைகோத்து நின்ற காலம் அது.

அக்காலம் நெடிது நீடிக்கவில்லை. இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் 1835-இல் நீங்கின. காகிதமும் அச்சும் பெருகப் பெருக, ஏடு எழுதுவாரின் தொகை சுருங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும், டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களும் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினர். சீவக சிந்தாமணி 1887-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் ஐயரவர்களால் அச்சேறின. அவர் சென்ற இடங்களிலே பல சுவடிகள் செல்லரித்துக் கிடந்தன. சில ஆற்றில் விடப்பட்டிருந்தன. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு அவர் நொந்ததைத் தம் வரலாற்றிலே எழுதியுள்ளார்.

ஈண்டு நாம் கூர்ந்து நோக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஓலை நெடுங்காலம் நில்லாது. நன்கு பேணினால் சில நூற்றாண்டுகள் நிற்கும். பேணாவிடில் அதற்குள் மடியும். சங்கச் செய்யுட்கள் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்தமைக்குக் காரணம், எந்த ஓர் ஓலையும் அத்துணைக் காலம் வாழ்ந்தது என்பதன்று. பழைய ஓலை நைந்துபோகுமுன் யாரோ ஒருவர் புதிய ஓலையிலே அதனைப் பெயர்த்தெழுதினார். அது நைந்துபோகுமுன் மற்றொருவர் எழுதினார். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு கை எழுத்தாணியை எடுத்தது. பெயர் தெரியாத அக்கைகளின் தொடரே நம் இலக்கியம்.

எழுத்தாணி கீழே வைக்கப்பட்டபோது அத்தொடர் அறுந்தது. அச்சேறிய நூல் பிழைத்தது. அச்சேறாத நூல் எதுவோ, அதற்கு இனிப் புதிய ஏடு இல்லை. இன்று எஞ்சியிருக்கும் ஏடே அதன் கடைசி ஏடு. மருத்துவம், சோதிடம், கணக்கு, சிற்றிலக்கியம், ஊர்க்கணக்கு, குடும்ப ஆவணம் என இவ்வாறு கடைசி மூச்சில் இருக்கும் சுவடிகள் இன்னும் உள. 1869-இல் நிறுவப்பட்ட சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகமும், 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனமும் பல்லாயிரம் சுவடிகளைக் காத்து வருகின்றன. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. ஆயினும் நூலகத்தை எட்டாமல், பரண்மேலும் பழம்பெட்டிகளிலும் துயிலும் ஏடுகளை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இக்காரணம்பற்றியே, பெயரறியாக் கருவி ஒன்று எழுத்தாணி எனத் தெளிவாகுமாயின் நம் ஆராய்ச்சி அவ்விடத்து நின்றுவிடலாகாது. எழுத்தாணி இருந்த வீட்டிலே ஏடும் இருந்திருக்கும். ஆதலின், இது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதே அடுத்த வினாவாதல் வேண்டும். நாமும் கடைக்காரரை அவ்வாறு வினவினோம். ஒரு பழைய வீடு இடிக்கப்பட்டபோது மரச்சாமான்களோடு வந்தது என்றார். எந்த ஊர், யார் வீடு என்பன அவர் அறியார். குப்பையாகக் கிடந்த ஓலை ஏதேனும் உடன் வந்ததோ என்று கேட்டோம். ஓலையை யார் வாங்குவார் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஆகவே நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் சில சொல்ல விழைகின்றோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வீட்டிலுள்ள பழைய பெட்டிகளையும் பரண்களையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். இரும்பாணி ஒன்று கிடைப்பின் அதனைச் சாணை பிடிக்க வேண்டா. அமிலம் இட்டுத் துருவைப் போக்கவும் வேண்டா. நுனியின் தேய்வும் பிடியின் தேய்வுமே அதன் சரித்திரம்; அவை அழிந்தால் கருவி ஊமையாகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, எங்கே, எவரிடமிருந்து, எப்பொருளோடு கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதி உடன்வைத்தல் போதும். வீட்டிலுள்ள முதியோரை அமர்த்திக்கொண்டு, இதனைக் கையாண்டவர் யாரென்று கேளுங்கள். எந்நூலிலும் காணப்படாத விடை அவர்களிடம் இருத்தல் கூடும்.

ஏடு கிடைப்பின் இன்னும் மிகுந்த கவனம் வேண்டும். ஒட்டிக்கொண்ட ஓலைகளை வலிந்து பிரித்தலாகாது. நீர்விட்டுக் கழுவுதலும் ஆகாது. சுவடி நூலகங்களில் எலுமிச்சம்புல் எண்ணெய் முதலியன தடவி ஓலையை இளக்குவர். அது பழகியோர் செய்யும் செயல். பூசைக்குரிய பொருள் என்று கருதி வீட்டார் கொடுக்க மனமொவ்வாராயின் அவர்களை வற்புறுத்தவும் வேண்டா. ஒவ்வோர் ஓலையையும் இருபுறமும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். எழுத்தாணி ஓய்ந்துபோன இக்காலத்தில், பெயர்த்தெழுதும் கடனை ஒளிப்படக் கருவி ஓரளவு ஆற்றுகின்றது. படிக்க வல்லாரிடம் அப்படத்தைச் சேர்ப்பித்தல் நம் கடன். படிக்க வல்லாராக ஆதல் இளைஞர் சிலரேனும் மேற்கொள்ளத்தக்க பெருங்கடன்.

நம் நாவு இக்கருவியை இன்னும் முற்றும் மறந்ததில்லை. செய்தித்தாளை நாளேடு என்கின்றோம். கடிதத்தை மடல் என்கின்றோம். திருமண ஓலை என்று அழைப்பிதழுக்குப் பெயர் இடுகின்றோம். உத்தரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலே ஊரார் தம் சபையோரைத் தேர்ந்தெடுத்ததும் ஓலையில் பெயர் பொறித்துக் குடத்திலிட்டே. சொல்லிலே ஓலை வாழ்கின்றது. அதன்மேல் எழுதிய ஆணியோ இரும்புக் கடைத் தராசில் கிடக்கின்றது.

நாம் வாங்கிய எழுத்தாணி, மேலே கூறிய சோதனை ஓலையோடும் ஒரு குறிப்போடும், நம் தமிழ்த்துறைக் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பெற்றுள்ளது. விரும்பும் மாணவர் அதனைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். தனியே வைத்துள்ள புது ஓலையிலே தம் பெயரை எழுதியும் பார்க்கலாம். ஓர் எழுத்தைக் கீறுதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது அப்போது தெரியவரும். அதே பேழையில் மற்றோர் அறை வெறுமையாக விடப்பட்டுள்ளது. நம் அன்பர்கள் தத்தம் ஊர்களிலிருந்து கொணரும் பொருள்களுக்கு அது உரியது.